எந்தச் சிகிச்சை என்று படைவீரரிடம் கேட்பது

2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், வேலூரில் ஓர் உளவியல் ஆலோசகரின் அறையில் என் அப்பாவின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். ஆலோசகருக்கு ஏறத்தாழ என் வயதுதான் இருக்கும். அப்பா சொன்னதையெல்லாம் அரை மணி நேரம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, இதற்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உங்களுக்கு எது சரிப்படும் என்று சொல்லுங்கள் ஐயா, என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா, செஞ்சிடுறேன்" என்றார்.

24 ஆண்டுகள் உத்தரவின்படி எழுந்து, உத்தரவின்படி உண்டு, உத்தரவின்படி சுட்ட ஒருவரிடம் அந்தக் கேள்வி எவ்வளவு அந்நியமாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அவருடைய முகத்தில் பார்த்தேன். நான் உளவியல் படித்தவள், கல்லூரியில் அதைக் கற்பிக்கிறவள். சிகிச்சை அளிப்பவள் அல்ல. போரில் பட்ட உளக்காயத்துக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பதில் படைவீரருக்குப் பங்கு வேண்டும் என்ற கருத்தைப் பாடநூலில் பலமுறை படித்திருந்தேன். அது என்ன கேட்கிறது, எவ்வளவு கடினமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம், மற்றது உன் விருப்பம், என்றார்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் சில உண்டு. எங்களுடையது அப்படி ஓர் ஊர். அப்பா 1982இல் 18 வயதில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பயிற்சி பெற்றார். 1987இல் இந்திய அமைதி காக்கும் படையில் ஒருவராக இலங்கைக்குப் போனார். அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். அங்கே மக்கள் பட்ட துயரத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்; நான் அப்பாவின் காயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் வேறு படைப்பிரிவுகளுடன் மொழிபெயர்க்கவும் அனுப்பினார்கள். அருகில் நின்ற வடநாட்டு வீரருக்கு வெறும் கூக்குரலாகக் கேட்டது, அப்பாவுக்குச் சொல் சொல்லாகக் கேட்டது. கெஞ்சலும் சாபமும் அவருடைய அம்மா பேசிய மொழியிலேயே வந்து விழுந்தன.

திரும்பி வந்த பிறகு அவருக்கு உறக்கம் போயிற்று. 1991இல் ஓர் இரவு பாசறையில் கத்திக்கொண்டு எழுந்து பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார். ஓர் இராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். இந்திய இராணுவத்தில் மனநலத்துக்காக ஒருவரை அனுப்பும்போது அவருடைய படைப்பிரிவின் தலைமை அதிகாரி அவருடைய நடத்தையைப் பற்றி ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். படிவம் 10 என்று பட்டாளத்தில் சொல்வார்கள். அதாவது மருத்துவர் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே அப்பாவைப் பற்றி அதிகாரி சொன்னதைப் படித்திருந்தார். மூன்று வாரம் படுக்கவைத்து, இரவுக்கு டயஸிபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, மருத்துவ வகையைக் குறைத்து அனுப்பினார்கள். 'ஷேப்' (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்து வகைப்பாட்டில் முதல் எழுத்து மனநலத்தைக் குறிப்பது. அதில் 1 என்பது முழுத் தகுதி, எண் கூடக்கூடத் தகுதி குறையும். அவருடைய எண் கூடியது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார்கள். அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் தன்னைக் கடுஞ்சொல் சொல்லவில்லை என்று அப்பா இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஆனால் என்ன நடந்தது என்றோ, என்ன செய்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றோ ஒருவரும் கேட்கவும் இல்லை. ஓராண்டு கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று மருத்துவக் குழுவிடம் சொல்லித் தம் பழைய எண்ணைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு 27 ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவருடைய கதை தனிக்கதை இல்லை என்பதை வரலாற்றைப் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். முதல் உலகப் போரில் குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் பேச்சிழந்த, நடை தடுமாறிய பிரிட்டிஷ் வீரர்களுக்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர் வைத்தார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் அந்தப் பெயரை மருத்துவ இதழில் எழுதினார். லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர் பேச்சிழந்த ஒரு சாதாரணச் சிப்பாயைப் பூட்டிய அறையில் வைத்து, பேசும்வரை வெளியேற முடியாது என்று சொல்லி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். அதைத் தம் வெற்றியாக 1918இல் அவரே புத்தகத்தில் பதிவு செய்தார். அதே போரின்போது எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில், டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் தம்மிடம் வந்த அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்; மறக்க முயல்வதை விட்டு, நினைவைத் தாங்கக்கூடிய வடிவில் எதிர்கொள்ளச் சொன்னார். கிரெய்க்லாக்கர்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பதை அவருடைய தோளில் இருந்த பட்டையும், அவர் யார் கையில் சிக்கினார் என்பதும் தீர்மானித்தன. கோழைத்தனம், ஓடிப்போதல் போன்ற குற்றங்களுக்காகத் தம் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளாக இருந்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மாற்றத்தைத் தொடங்கியவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள். இந்தப் பகுதியை என் மாணவர்களுக்கு எப்போதும் விரிவாகச் சொல்வேன். 1970இன் இறுதியில் நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், கைம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களைத் தங்களோடு வந்து உட்காருமாறு அழைத்தார்கள். மருத்துவர்கள் அங்கே விருந்தாளிகள். எங்கே கூடுவது, எதைப் பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் வீரர்களின் கையில் இருந்தது. அரசின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்குள் கால் வைக்க மறுத்த பலர் இந்தக் கூட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அந்த மருத்துவர்கள் எழுதினார்கள், வாதாடினார்கள். அந்த உழைப்பும் சேர்ந்ததால்தான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, முதன்முதலாக இடம்பெற்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 1979இல், மருத்துவமனைக்கு வெளியே, கடைத்தெருவில், முன்னாள் வீரர்களே பணியாற்றும் ஆலோசனை மையங்களை அமெரிக்க அரசு தொடங்கியிருந்தது. ஆக, நோய்க்குப் பெயர் கிடைத்ததிலும் சிகிச்சைக்கு இடம் கிடைத்ததிலும் படைவீரர்களின் தேர்வு இருந்தது. பிற்காலத்தில் சிகிச்சைகள் செம்மையாகி, கையேடுகளாகி, பயிற்சி பெற்றவர்களின் கைக்குப் போனபோது அந்தப் பங்கு மெல்ல நழுவிவிட்டது என்பது என் கணிப்பு.

இன்று என்னென்ன இருக்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் தேர்வு என்ற சொல் அதன் பிறகுதான் பொருள் பெறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையை நீடித்த எதிர்கொள்ளல் என்று சொல்லலாம். வாரம் ஒரு முறை, 90 நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு, மிக மோசமான அந்த நிகழ்வை நிகழ்காலத்தில் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அஞ்சி ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். பாட்ரிசியா ரெசிக் முதலில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உருவாக்கி, பின்பு படைவீரர்களுக்கும் விரிந்த சிபிடி என்ற முறை 12 அமர்வுகள் கொண்டது. நடந்ததை விரித்துச் சொல்வதைவிட, 'என்னால்தான் அவன் செத்தான்' என்பது போன்ற, மனத்தில் உறைந்துவிட்ட முடிவுகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதே அதில் முதன்மையான வேலை. பிரான்சின் ஷாப்பிரோவின் இஎம்டிஆர் முறையில், நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடர வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை. டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் இருவரும் பாஸ்டனில் உருவாக்கிய எழுத்து முறைக்கு ஐந்தே அமர்வுகள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து அந்த நிகழ்வைக் கையால் எழுத வேண்டும், எழுத்துப்பிழை பார்க்க வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் கிடையாது. இவை தவிர செர்ட்ராலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் ஆகிய மாத்திரைகள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, முதல் மூன்று பேச்சு முறைகளை மாத்திரைக்கு மேலாகப் பரிந்துரைக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்த டயஸிபாம் வகை மருந்துகளைப் பிடிஎஸ்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

இந்த முறைகள் ஒவ்வொன்றும் மனிதரிடம் வெவ்வேறு விதமான துணிச்சலைக் கேட்கின்றன. ஒருவரால் வாய்விட்டுச் சொல்ல முடியும், தாளில் எழுத வராது. இன்னொருவருக்கு எழுத வரும், தம் குரலையே திரும்பக் கேட்பதைத் தாங்க முடியாது. மற்றொருவர், நடந்ததைத் தொடாமல் உறக்கம் மட்டும் வந்தால் போதும், மகளின் திருமணம் முடியட்டும் என்பார். ஆய்வுத்தாளில் இந்த வேறுபாடுகள் தெரிவதில்லை. ஆய்வு சொல்வது சராசரி. 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமெரிக்காவின் 17 முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 916 பேருக்கு நீடித்த எதிர்கொள்ளலையோ சிபிடியையோ குலுக்கல் முறையில் அளித்தார்கள். இரண்டுமே பயன் தந்தன. முதலாவது சற்றே கூடுதலாகப் பயன் தந்தது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல. என் கவனத்தை ஈர்த்தது வேறு ஓர் எண். முதல் முறையில் 55.8 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 46.6 விழுக்காட்டினரும் பாதியில் நின்றுவிட்டார்கள். நல்ல பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள், இலவசச் சிகிச்சை. அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர் எழுந்து போய்விட்டார். எழுந்து போவதும் ஒரு தேர்வுதான். முன்கூட்டியே கேட்காதபோது படைவீரர் தம் தேர்வைக் காலால் தெரிவிக்கிறார். ஸ்லோன் குழுவினர் 2018இல் எழுத்து முறையையும் சிபிடியையும் ஒப்பிட்டபோது, இரு பக்கமும் 63 பேர். சிபிடியில் 25 பேர் பாதியில் நின்றார்கள், எழுத்து முறையில் 4 பேர்தான். குணமான அளவில் எழுத்து முறை பின்தங்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது, சிறியதுதான். 2014இல் ஜூலியட் மாட் என்ற உளவியலாளரின் குழு, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றித் திரும்பிய 27 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், சிகிச்சைகளை விளக்கிச் சேர்ந்து முடிவெடுக்கும் அரை மணி உரையாடலை அளித்தது. அந்த உரையாடல் கிடைத்தவர்களே திறன் நிறுவப்பட்ட பேச்சு முறைகளை அதிகம் விரும்பினார்கள், போதுமான அமர்வுகளுக்கும் வந்தார்கள். 27 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் 2019இல் லோரி சோல்னரின் குழு, பொதுமக்களிலிருந்து சேர்ந்த 200 பேரிடம், நீடித்த எதிர்கொள்ளலா செர்ட்ராலினா என்று கேட்டு, ஒரு பகுதியினருக்கு விரும்பியதையும் மறுபகுதியினருக்குக் குலுக்கலில் விழுந்ததையும் கொடுத்தபோது, விரும்பியது கிடைத்தவர்கள் அதை ஒழுங்காகப் பின்பற்றினார்கள், கூடுதலாகக் குணமும் அடைந்தார்கள். ஆகவே மாட் குழு கண்டதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

தேர்வு என்றால் சிகிச்சையின் பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பது என்று சுருக்கிக்கொள்ளக் கூடாது. எவ்வளவு வேகம், எந்த இடம், யார் எதிரே என்பவை சில வேளைகளில் முறையைவிட முக்கியமாகிவிடும். டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தில், பணியில் இருக்கும் 370 வீரர்களைக் கொண்டு ஃபோவா குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பத்து அமர்வுகளை இரண்டே வாரத்தில் முடித்தவர்களும் எட்டு வாரத்தில் முடித்தவர்களும் ஒத்த அளவில் தேறினார்கள். இரண்டு வார விடுப்பு மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! சான் அன்டோனியோவில் நடந்த மற்றோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. மருத்துவமனை அறை, காணொளி, வீட்டுக்கே சிகிச்சையாளர் வருவது என்ற மூன்றில், தமக்கு ஒவ்வாத ஒன்றை முன்கூட்டியே விலக்கிக்கொள்ளலாம் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். அதிகமானோர் விலக்கியது வீட்டுக்கு வருவதைத்தான். அதே வேளையில், பாதியில் நின்றவர்கள் மிகக் குறைவாக இருந்ததும் வீட்டில் சிகிச்சை பெற்றவர்களிடையேதான். வீட்டுக்கு ஆள் வருவது ஒருவருக்கு ஆறுதல், மற்றவருக்கு அத்துமீறல். அவரவரைக் கேட்காமல் இதை யாரால் ஊகிக்க முடியும்?

இதற்கு எதிரான வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைவைத் தொட மறுப்பதே இந்த நோயின் மையமான அறிகுறி. அப்படியிருக்க, நோயாளியிடம் தேர்வைக் கொடுத்தால் நோயே தேர்ந்தெடுக்கும். நடந்ததைத் தொடாத வழியைத்தான் அவர் கேட்பார் என்று அனுபவமுள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அப்பாவும் அன்று முதலில் கேட்டது தூக்க மாத்திரைதான். ஆனால் மாட் குழுவின் ஆய்வில் உரையாடல் கிடைத்தவர்கள் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்: விளக்கம் கிடைத்தபோது கடினமான வழியைத்தான் நாடினார்கள். அஞ்சி ஒதுங்குவது வேறு, அறியாமல் ஒதுங்குவது வேறு. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. தம் கருத்தை மறைத்துக்கொள்ளும் மருத்துவரையும் நான் விரும்பவில்லை. 'நான் இதைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இது, உங்களுக்கு ஒவ்வாவிட்டால் அடுத்தது இது' என்று சொல்பவர்தான் நோயாளியை மதிக்கிறார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு 'உங்கள் விருப்பம்' என்று ஒதுங்கிக்கொள்பவர், அடிபட்ட மனிதரின் தலையில் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறார்.

எண்களைச் சொல்லும்போது நேர்மை வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பிடிஎஸ்டி மையம், நோயாளி தாமே இணையத்தில் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கருவியை வைத்திருக்கிறது, நல்ல முயற்சி. பேச்சுச் சிகிச்சை பெறும் 100 பேரில் 53 பேருக்கும், மாத்திரை எடுக்கும் 100 பேரில் 42 பேருக்கும், ஒன்றும் செய்யாத 100 பேரில் 9 பேருக்கும் நோய் நீங்கும் என்று அந்த மையம் எளிய படத்தால் விளக்குகிறது. ஆனால் 2015இல் மரியா ஸ்டீன்காம்ப் தலைமையில் வெளிவந்த மதிப்பாய்வு, படைத்துறையினரை மட்டும் கொண்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் பாதி முதல் 70 விழுக்காடு வரையிலானோர் குறிப்பிடத்தக்க அளவு தேறினாலும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக்குப் பிறகும் நோய் வரையறைக்குள்ளேயே இருந்தார்கள் என்று அது காட்டியது. படைவீரரிடம் படைவீரர்களுக்கான எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேறலாம், முழுவதும் நீங்காமலும் போகலாம் என்று முன்பே அறிந்தவர், நீங்காதபோது தம்மையே தோற்றவராக எண்ணிக்கொள்ள மாட்டார்.

பணியில் இருப்பவருக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. இது யார் காதுக்குப் போகும்? ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது சார்ல்ஸ் ஹோக் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மனநல உதவி தேவைப்பட்டவர்களில் 23 முதல் 40 விழுக்காட்டினர்தான் உதவி நாடியிருந்தார்கள். தேவை மிகுந்தவர்களே இழிபெயருக்கு மிகுதியாக அஞ்சினார்கள். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தும், அது பதவி உயர்வையும் ஆயுதம் ஏந்தும் அனுமதியையும் பறிக்கும் என்றால், அந்த உரிமை தாளோடு நின்றுவிடும். அமெரிக்காவில் 2021இல் நிறைவேறிய பிராண்டன் சட்டம், பணியில் இருக்கும் வீரர் தம் மேலதிகாரியிடம் காரணம் சொல்லாமலே மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பக் கேட்கலாம் என்கிறது. தற்கொலை செய்துகொண்ட ஓர் இளம் கடற்படை வீரரின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் அது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை வயது வந்தோருக்கு வழங்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற வீரர்களின் வீடுகளில் அந்த உரிமையைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டதில்லை.

அப்பாவிடம் திரும்புகிறேன். "நீங்க சொல்லுங்கம்மா, செஞ்சிடுறேன்" என்றவரிடம் ஆலோசகர் வற்புறுத்தவில்லை. "சரி ஐயா, முதல்ல உங்களுக்கு என்ன தெரியணும்னு கேளுங்க" என்றார். அப்பாவிடம் கேள்விகள் இருந்தன; நான் எதிர்பார்த்த கேள்விகள் எதுவும் அதில் இல்லை. இது எங்கேயாவது எழுதிப் பென்ஷன் அலுவலகத்துக்குப் போகுமா? எல்லாம் தமிழில்தானே? அங்கே இருந்தவர்களின் பெயரைச் சொல்லியாக வேண்டுமா? பாதியில் வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா? நான் கதவைப் பார்த்து உட்காரலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆலோசகர் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு, எழுந்து தம் நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, கதவுக்கு முதுகு காட்டும் இருக்கையில் தாம் அமர்ந்தார்.

அன்று அப்பா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆலோசகர் அதற்கும் சரி என்று சொல்லி, அந்த நான்கைந்து வழிகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் மூன்று வாரம் எங்கள் வீட்டு நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. அப்பா அதை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்து, "அந்த எழுதுறது இருக்கே பாப்பா, அது எனக்கு வரும்னு தோணுது" என்றார். காரணம் கேட்டேன். பட்டாளத்தில் 24 ஆண்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு இன்லாண்டு லெட்டர் எழுதியவர் அவர். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மழை, சாப்பாடு, அடுத்த விடுப்பு என்று முடியும் கடிதங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவற்றிலும் மழையும் சாப்பாடும்தான் இருந்தன. "அதுல எழுதாததை இப்ப எழுதணும், அவ்வளவுதானே" என்றார்.

எந்த ஆய்வுத்தாளும், எந்த நிபுணரும், மகளாகிய நானும் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவரைக் கேட்டிராவிட்டால், அவருடைய வயதையும் படிப்பையும் பார்த்து, எழுத்து முறை இவருக்கு ஒத்துவராது என்று நானே ஒதுக்கியிருப்பேன். அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

முதல் அமர்வுக்குப் பின் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உறக்கம் முன்னைவிட மோசமாயிற்று. இப்படி ஆகலாம் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்ததால் அம்மா பதறவில்லை. மூன்றாவது அமர்வை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டார், தள்ளிவைத்தார்கள். அவர் முழுவதும் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தீபாவளி இரவில் இன்றும் வீட்டின் பின்கட்டில்தான் இருப்பார். ஆனால் இரவில் கத்திக்கொண்டு எழுவது குறைந்திருக்கிறது. முன்வாசல் கதவைத் தாழிட்டபின் மூன்று முறை எழுந்து பார்க்கும் பழக்கம் ஒரு முறையாகியிருக்கிறது. எழுதிய தாள்களை ஆலோசகர் கோப்பிலேயே வைத்திருக்கிறார். அவற்றில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

முதல் நான்கு அமர்வுகளுக்கும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன், வெளி அறையில் காத்திருந்தேன். ஐந்தாவதற்கு முந்தின நாள் அப்பா தொலைபேசியில் அழைத்து, நீ அலைய வேண்டாம், என்றார். காலை எட்டரை மணிப் பேருந்தில் தனியாகவே போய், மாலையில் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.